மணல் கொல்லையில் நீர்ச்சறுக்கு: இடம் அளந்ததிலிருந்து கட்டை தோண்டியது வரை

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்குத் தெற்கே, தென்கடலிலிருந்து (மன்னார் வளைகுடா) ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. மே மாத விடுமுறைக்கு வந்த அக்கா பிள்ளைகளுக்காகவும் தெருவில் உள்ள மற்றப் பிள்ளைகளுக்காகவும், காற்றடைத்த நீர்ச்சறுக்கு ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வீட்டுக் கொல்லையில் நிறுத்தினோம். சறுக்கு வந்து போனது ஒரே நாள்தான். அதற்கான இடத்தைத் தயார் செய்ய எனக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளில் செய்தவற்றையும், செய்து பிறகு மாற்றிக்கொண்டவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கடலோர மணலில் வீடு கட்டியிருப்பவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன். செம்மண்ணிலும் களிமண்ணிலும் இதே வேலையைச் செய்தவர்கள் சொல்லும் முறைகளில் பாதி இந்த மணலில் பலிக்காது என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

வாடகைக்காரரிடம் முதலில் கேட்டது சறுக்கின் அளவை. நீளம் 22 அடி, அகலம் 10 அடி, ஏறி நிற்கும் மேடைக்கு மேலுள்ள சுவரையும் சேர்த்து உயரம் 14 அடி என்றார். “அப்படியானால் 25க்கு 12 இடம் இருந்தால் போதும்” என்றும் சொன்னார். போதாது. பிள்ளைகள் சறுக்கி வந்து விழும் பக்கத்தில் 12 அடியும், மற்ற மூன்று பக்கங்களிலும் 6 அடியும் வெற்றிடம் வேண்டும் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால் 40 அடி நீளமும் 22 அடி அகலமும் தேவைப்படுகின்றன. அந்த 6 அடிக்குள்தான் கட்டுக் கயிறுகள் சரிந்து இறங்க வேண்டும். பெரியவர் ஒருவர் தடையில்லாமல் சுற்றி ஓடி வரவும் அந்த இடம் வேண்டும். வீட்டுக்கு மேற்கே உள்ள எங்கள் கொல்லை தென்வடலாக 62 அடி, கிழமேலாக 44 அடி. கேட்பதற்குப் பெரிய இடமாகத் தோன்றினாலும், தென்மேற்கு மூலையில் கிணறும், தென்கிழக்கு மூலைக்கு மேலே மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரும், வடக்கு எல்லையில் தென்னை வரிசையும், மேற்கில் பனைமட்டை வேலியும் இருக்கின்றன. 14 அடி உயரத்தில் நனைந்த பிள்ளை ஒன்று கையைத் தூக்கி நிற்கும் என்பதை நினைத்ததுமே, வயர் போகும் தெற்குப் பகுதி 20 அடியை முழுவதுமாக விலக்கிவிட்டேன். மீதி 42 அடி. தேவையானது 40.

முதல் நாள் நான் வரைந்த திட்டத்தில் சறுக்கு கிழமேலாகப் படுத்திருந்தது. அடுப்படிக்குப் பின்னால் உள்ள திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்கள் பார்ப்பதற்கு அதுதான் வசதி. அந்தத் திட்டத்தைக் கெடுத்தது காற்று, கெடுத்ததும் நல்லதாகப் போயிற்று.

இந்தக் கரையில் காற்றைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ரயிலை நிறுத்திவைக்கும் சிவப்பு விளக்கு ஏற்பாடு பல ஆண்டுகளாக இருந்தது. காற்றடைத்த சாதனத்துக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. ஐரோப்பிய நாடுகளில் இவற்றுக்கென வகுத்துள்ள இ.என். 14960 என்ற தரவிதி, காற்று மணிக்கு 38 கிலோமீட்டரைத் தாண்டினால் சாதனத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த எச்சரிக்கையின் பொருள் விளங்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 2 கிலோ எடையளவுக்கு அழுத்துகிறது. 38 கிலோமீட்டரில் அது 7 கிலோ. 50 கிலோமீட்டரில் 12 கிலோ. எங்கள் சறுக்கின் பக்கவாட்டுப் பரப்பு சராசரியாக 18 சதுர மீட்டர் என்று கொண்டால், 38 கிலோமீட்டர் காற்று அதை 130 கிலோ அளவுக்கு விடாமல் தள்ளும். உள்ளே காற்றைத் தவிர வேறொன்றும் இல்லாத, 10 அடி அகலமும் 14 அடி உயரமும் கொண்ட ஒரு பொருளை அப்படிப் பக்கவாட்டில் தள்ளினால் அது கவிழத்தான் பார்க்கும்.

ஆகவே கையில் பிடிக்கும் காற்றுமானி ஒன்றை வாங்கி, ஏழு நாட்கள் காலை 6, 9, 11, மாலை 3, 5 மணிக்குக் கொல்லையின் நடுவில் ஸ்டூல் மேல் ஏறி நின்று அளந்து எழுதினேன். மொட்டைமாடியில் அளந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் சறுக்கு நிற்கப்போவது மாடியில் அல்லவே. காலை 6 மணிக்கு 6 முதல் 9 வரையும், 9 மணிக்கு 12 முதல் 15 வரையும் காட்டிய மானி, 11 மணிக்கு 22ஐத் தொட்டது. பிற்பகல் 3 மணிக்கு எந்த நாளும் 28க்குக் குறையவில்லை. இரண்டு நாட்களில் வீச்சு 41 வரை போனது. திசை ஏழு நாட்களும் தெற்கிலிருந்து தென்மேற்குக்குள்தான் இருந்தது. சோழகம், கச்சான் என்னும் பருவக் காற்றுகள் முழுமையாகக் கிளம்பும் முன்னரே இப்படி என்றால், ஜூன் மாதத்தில் இந்தப் பக்கம் இத்தகைய சறுக்கை நினைத்தே பார்க்கக் கூடாது என்பது என் முடிவு. வடகடல் (பாக் விரிகுடா) ஓரத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கு மாறும். அவர்கள் தங்கள் கொல்லையில் தாங்களே அளந்து பார்ப்பதுதான் சரி.

இந்த அளவுகள் இரண்டு விஷயங்களைத் தீர்மானித்தன. முதலாவது, நேரம்: காலை 6.30 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடிப்பது. அதற்கு முன்பே மானி 25ஐக் காட்டினால் உடனே பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காற்றைத் திறந்துவிடுவது. தரவிதி 38 வரை அனுமதித்தாலும் மணல் தரைக்கு அந்த எல்லையை நான் ஏற்கவில்லை. இரண்டாவது, திசை: உயரமான முதுகுப்புறம் தெற்கேயும் தண்ணீர்த் தொட்டி வடக்கேயும் இருக்கும்படி தென்வடலாகத் திருப்பினேன். குறுகிய பக்கம் காற்றை எதிர்கொள்ள, 22 அடி நீளம் காற்றின் போக்கிலேயே படுத்திருந்து கவிழாமல் தாங்கும். பிள்ளைகள் வடக்கு நோக்கிச் சறுக்குவதால் கண்ணில் வெயிலும் நேராக விழாது. திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்குப் பக்கவாட்டுக் காட்சிதான் கிடைத்தது. அவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் வந்து அமர்ந்தார்கள்.

அடுத்தது சறுக்கைத் தரையோடு கட்டி நிறுத்துவது. இந்தப் பதிவில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான்.

வாடகைக்காரர் முன்கூட்டியே கொடுத்தனுப்பிய முளைகள் ஓரடி நீளமுள்ள இரும்புக் கம்பிகள். ஒன்றைச் சுத்தியலால் அடித்தேன். நான்கே தட்டில் முழுவதும் இறங்கிவிட்டது. அவ்வளவு சுலபமாக இறங்கியதே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. கயிற்றைக் கட்டி ஒரு கையால் இழுத்தேன். வெண்ணெயிலிருந்து கத்தி வருவது போல் வந்துவிட்டது. இரண்டடிக் கம்பியை நானே வாங்கிச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். சற்று முரண்டு பிடித்தது. இரண்டு கையால் இழுத்ததும் அதுவும் வந்துவிட்டது. இ.என். 14960 தரவிதி ஒரு சாதனத்துக்குக் குறைந்தது 6 கட்டுப்புள்ளிகளும், ஒவ்வொன்றும் 1600 நியூட்டன் இழுவையைத் தாங்கும் வலிமையும் வேண்டும் என்கிறது. நம் வழக்கில் சொன்னால் ஒரு புள்ளிக்கு 163 கிலோ. மணல் நிரப்பிய சிமெண்ட் சாக்கு 50 கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். ஒரு புள்ளிக்கு மூன்று, மொத்தம் 18 சாக்குகள். அவற்றையும் மணல் மேல் வெறுமனே வைத்தால் பக்கவாட்டு இழுப்பில் வழுக்கிக்கொண்டே வரும்.

எதிர்வீட்டு அண்ணன் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டில் இருந்தார். நான் கம்பியை அடிப்பதும் பிடுங்குவதுமாக இருந்ததை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, மணல்ல எதையும் நட்டு வைக்கக் கூடாது, படுக்கப் போட்டுப் புதைக்கணும்” என்றார். படகைக் கரையேற்ற இழுக்கும்போது கயிற்றுக்குப் பிடிமானம் வேண்டிய இடத்தில் அவர்கள் செய்வது அதுதானாம். அன்று மாலையே ஒரு சோதனைக் குழி எடுத்தோம்.

குழியின் நீளம் 3 அடி, அகலம் ஒன்றரை அடி, ஆழம் இரண்டரை அடி. வேலி மாற்றியபோது மிஞ்சிக் கிடந்த பனங்கட்டையில் மூன்றடித் துண்டு ஒன்றை வெட்டி, அதன் நடுவில் நைலான் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி முடிந்து, கயிறு போகும் திசைக்குக் குறுக்காகக் குழியின் அடியில் படுக்க வைத்தோம். கயிறு நேராக மேலே வராமல் சறுக்கை நோக்கிச் சாய்ந்து வருவதற்காக, குழியின் ஓரத்திலிருந்து ஒரு கையளவு அகலத்தில் சரிவான வாய்க்கால் ஒன்றை அண்ணன் மண்வெட்டியின் முனையால் கீறினார். பிறகு மணலை ஒரேயடியாகத் தள்ளாமல் அரையடி அரையடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு குடம் தண்ணீர் தெளித்து, குதிகாலால் மிதித்து இறுக்கினோம். காய்ந்த மணல் காலுக்கடியில் நழுவுகிறது. நனைந்த மணல் ‘நறுக்’கென்று ஒலித்து நிற்கிறது. அந்த ஒலி வந்த பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும் என்று அண்ணன் சொன்னார். ஒரு கன அடி மணல் 45 கிலோ என்று வைத்துக்கொண்டால் அந்தக் குழியில் மட்டும் ஏறக்குறைய 500 கிலோ மணல் கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கட்டை கிளம்ப வேண்டுமானால் அவ்வளவையும் தூக்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

கணக்கை மட்டும் நம்பாமல் இழுத்தும் பார்த்தோம். மீன் எடை போடும் 300 கிலோ தொங்குதராசு ஒன்றை அண்ணன் இரவல் வாங்கி வந்தார். தென்னையின் அடியில் செயின் பிளாக்கை (சங்கிலிக் கப்பி) கட்டி, அதற்கும் கயிற்றுக்கும் நடுவில் தராசை மாட்டி இழுத்தோம். ஓரடிக் கம்பி 28 கிலோவில் வெளியே வந்தது. இரண்டடிக் கம்பி 64 கிலோவில் வந்தது. புதைத்த கட்டை 90 கிலோவில் இரண்டு விரற்கடை நகர்ந்து மணலை இறுக்கிக்கொண்டு நின்றது. அதன் பிறகு 185 வரை இழுத்தும் அசையவில்லை. அதற்கு மேல் இழுக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம். மறுநாள் அதே முறையில் ஆறு குழிகள் எடுத்தோம். காற்று வரும் தெற்கு முதுகுப்புறத்தின் இரண்டு மூலைகளுக்கு மட்டும் ஆழத்தை மூன்றடியாக்கினோம். தென்னை மரத்திலேயே நேராகக் கட்டினால் என்ன என்று அக்கா கேட்டார். மரம் இருக்கும் இடத்துக்கும் சறுக்கின் வளையங்கள் இருக்கும் இடத்துக்கும் பொருந்தவில்லை, கயிறும் பிள்ளைகள் ஓடும் வழியில் நீளமாகக் குறுக்கே போகும் என்பதால் விட்டுவிட்டோம். கட்டிய ஆறு கயிறுகளிலும் சிவப்புத் துணிக் கிழிசல்களைச் சுற்றிவைத்தோம்.

தரையைச் சுத்தம் செய்வதற்கு ஒரு முழு நாள் போனது. இரும்பு வாரியால் இரண்டு முறை வாரிய பிறகு தரை சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆனால் மண்டியிட்டு உட்கார்ந்து விரல்களால் மணலைத் துழாவியபோது, ஒரு சாண் அளவுள்ள இடத்திலேயே பனைமட்டையிலிருந்து உதிர்ந்த கருக்குத் துண்டுகள் மூன்று, முட்சங்கின் உடைந்த கொம்பு ஒன்று, விறகோடு வந்து விழுந்த சீமைக் கருவேல முள் ஒன்று கிடைத்தன. கருக்கின் பற்கள் ரம்பத்தைப் போல ஒரே பக்கம் சாய்ந்தவை; துணியில் ஏறினால் முன்னே போகுமே தவிரப் பின்னே வராது. சறுக்கின் அடித்துணியில் அப்படி ஒன்று ஏறினால் 14 பிள்ளைகளின் எடையும் அதை மேலும் உள்ளே தள்ளும். ஆகவே 40க்கு 22 இடத்தைக் கயிறு கட்டிப் பத்துப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சல்லடையால் இரண்டங்குல ஆழத்துக்குச் சலித்தோம். அதன் மேல் உரச்சாக்குகளைப் பிரித்து விரித்து, அதற்கும் மேல் தார்ப்பாயை இரட்டையாகப் போட்டோம். தென்னங்கிடுகு பரப்பலாம் என்று ஒருவர் சொன்னார். கிடுகின் ஈர்க்கு முனை கருக்குக்கு இளைத்ததல்ல என்பதால் மறுத்துவிட்டேன். வடக்கே உள்ள இரண்டு தென்னைகளின் மட்டை விரிவு பிள்ளைகள் வந்து விழும் இடத்துக்கு நேர் மேலே இருந்ததால், இரண்டு நாட்களுக்கு முன்பே ஆள் வைத்துக் காய்களையும் காய்ந்த மட்டைகளையும் பாளைகளையும் இறக்கிவிட்டோம்.

மட்டம் பார்ப்பதற்குக் கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயே போதுமானது. 20 அடிக்கு ஓரடிக்கு மேல் சரிவு இருக்கக் கூடாது. எங்களுக்கு நீளவாட்டில் 22 அடிக்கு 7 அங்குலம் வடக்கே சரிந்திருந்தது. சிந்தும் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகாமல் தென்னம்பாத்திகளுக்குப் போகும் என்பதால் அதை அப்படியே வைத்துக்கொண்டேன். அகலவாட்டில் 10 அடிக்கு 8 அங்குலம் இருந்தது. அது எல்லைக்கு மேல் என்பதால், சலித்த மணலையே மேற்குப் பக்கம் கொட்டிச் சரிசெய்தோம்.

தண்ணீரைப் பற்றி இந்த மாவட்டத்தில் பேசும்போது குற்ற உணர்வு இல்லாமல் பேச முடியாது. குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் தெருக்கள் இன்றும் இருக்கின்றன. தொட்டி 10க்கு 8 அடி. ஓரடி ஆழம் நிரப்பினால் 80 கன அடி, அதாவது 2,265 லிட்டர். 8 அங்குலமே போதும் என்று குறைத்ததில் அது ஏறக்குறைய 1,500 லிட்டராயிற்று. மேலிருந்து பீய்ச்சும் குழாயை நிமிடத்துக்கு 9 லிட்டர் என்று திறந்துவிட்டால் மூன்றரை மணி நேரத்தில் இன்னும் 1,900 லிட்டர் போய்விடும். ஆகவே வால்வில் ஆள் வைத்து, ஐந்து பிள்ளைகள் சறுக்கிய பின் அரை நிமிடம் மட்டும் திறந்தோம். சறுக்கு விளையாட்டுக்குக் குடிநீரை ஒரு சொட்டும் எடுக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் சற்று உவர்ப்புதான் என்றாலும் உடம்புக்கு எரிச்சல் தராது. கடல்நீரை டிராக்டரில் கொண்டுவரலாம் என்று யோசனை வந்தது. உப்பு காய்ந்து படிந்தால் துணி சொரசொரப்பாகிப் பிள்ளைகளின் முழங்கையைத் தேய்க்கும், வளையங்களும் காற்றை ஊதும் ப்ளோயரும் துருப்பிடிக்கும் என்பதால் அது வேண்டாம் என்றோம். தொட்டியில் 8 அங்குலமே இருந்தாலும் சிறு பிள்ளை முகம் குப்புற விழுந்தால் அதுவே ஆபத்து. அதனால் அந்த இடத்தை விட்டு நகராமல் ஒரு பெரியவர் நிற்க வேண்டும் என்று முறை வைத்தோம். ஏணிக்கு முன்னால் கால் கழுவ ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் வைத்தோம். காலில் ஒட்டும் மணல் சறுக்கின் மேல் உப்புத்தாள் போல் வேலை செய்யும்.

மின்சாரத்தில் ஒரு தவறு செய்தேன். இத்தகைய சறுக்குகள் ஒரு முறை ஊதி மூடுபவை அல்ல. தையல் வழியே காற்று கசிந்துகொண்டே இருக்க, ப்ளோயர் விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றரை குதிரைத்திறன் ப்ளோயரை முதலில் அடுப்படி பிளக்கிலிருந்து 40 மீட்டர் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டிப் பார்த்தபோது, போர்டில் 204 வோல்ட் இருந்தும் ப்ளோயரில் 193 மட்டுமே வந்தது; மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றியது, வயர் கைக்குச் சூடாக இருந்தது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை மெயின் போர்டிலிருந்தே தனியாக இழுத்து, 30 மில்லியாம்பியர் கசிவுத் தடுப்பு சுவிட்சையும் பொருத்திய பின் 200 வோல்ட் கிடைத்தது. தண்ணீரும் ஈரப் பிள்ளைகளும் இருக்கும் இடத்தில் அந்தச் சுவிட்ச் இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. காய்ந்த மணலில் எர்த் சரியாகப் பிடிக்காது என்பதால், எர்த் குழியில் முந்தின இரவே இரண்டு வாளித் தண்ணீரும் ஊற்றினோம். மணலை உறிஞ்சாதபடி ப்ளோயரைப் பலகை மேல், தெற்கு முதுகுப்புறத்திலிருந்து 5 அடி தள்ளி வைத்தோம். பந்தல்காரரிடமிருந்து 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரும் வாங்கி நிறுத்தியிருந்தோம்.

அது தேவைப்பட்டது. அன்று காலை 8.40க்குக் கரண்ட் போனது. ப்ளோயரின் சத்தம் நின்ற உடனே தெற்குச் சுவர் தளர்ந்து மடியத் தொடங்கியது. ஏணியில் ஒருவர், மேடையில் ஒருவர் என்பதற்கு மேல் விடுவதில்லை என்று வைத்திருந்ததால், அக்கா இரண்டு பேரையும் கைப்பிடித்து இறக்கிவிட நேரம் இருந்தது. ஜெனரேட்டரைக் கிளப்பி மறுபடி விறைக்க வைக்க ஆறு நிமிடம் ஆனது. 9.50க்கு மானி 24ஐக் காட்டியது. தென்னை மட்டைகளின் சலசலப்பு மாறியதையும் கேட்டேன். பிள்ளைகள் கெஞ்சினார்கள். பத்து நிமிடம் மீதமிருந்தும் நிறுத்திவிட்டேன்.

தண்ணீரைப் பாத்திகளுக்குத் திறந்துவிட்டு, டேங்கர் தண்ணீர் 200 லிட்டரில் உப்புப் படிவை அலசி, பழைய வேட்டிகளால் மடிப்பு மடிப்பாகத் துடைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் ப்ளோயரை ஓட்டியபடியே காயவைத்த பிறகுதான் சுருட்டினோம். கட்டைகளைத் தோண்டி எடுப்பதற்கு மாலை வரை ஆயிற்று. தென்மேற்கு மூலையில் மூன்றடி ஆழத்தில் கிடந்ததை மட்டும் நாங்கள் நான்கு பேர் இழுத்தும் எடுக்க முடியவில்லை. தோண்ட வேண்டாம், அடுத்த வருஷத்துக்கு ஆகும் என்று அண்ணன் சொன்னார். யார் காலிலும் தடுக்காதபடி கயிற்றைச் சுருட்டி அரையடிக்குக் கீழே புதைத்து, கிணற்றுச் சுவரிலிருந்து அதன் தூரத்தை அளந்து, 11 அடி 4 அங்குலம் என்று மோட்டார் அறைக் கதவின் உட்புறத்தில் சாக்பீஸால் எழுதிவைத்தேன்.